அக்கா ஓட்டலில் சாப்பிட்ட வாரம்

அக்காவுக்கு அந்த வருஷம் மாசியில் மஞ்சள் காமாலை வந்தது. நாலு மாதம் உப்பில்லாத கஞ்சியும் மோருமாகப் பத்தியம் இருந்தாள். கண்ணில் மஞ்சள் இறங்கிவிட்டது, ஆனால் உடம்பில் சதை என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டது, ஒரு வாரம் அருவியில் குளித்து வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டால் உடம்பு தேறிவிடும் என்று சங்கரன்கோவில் வைத்தியர் ஒருவர் அத்தானிடம் சொல்லியிருக்கிறார். அத்தானுக்குத் திருவேங்கடத்தில் பருத்தியும் மிளகாயும் போடுகிற நிலம். வைத்தியர் சொல்லை அவர் தட்டுவதில்லை. சனிக்கிழமை வந்து கூட்டிப்போகிறேன் என்று சொல்லி, ஆனிக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை அக்காவைத் தனியாகவே பஸ் ஏற்றி என் வீட்டுக்கு அனுப்பினார்.

நான் அப்போது தென்காசியில் குடியிருந்தேன். கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை இல்லை. என் வீட்டுக்காரர் தாலுகா ஆபீசில் குமாஸ்தா. அந்த வாரம் அவர் சிவகிரிப் பக்கம் முகாம் போயிருந்தார். செங்கோட்டை மலையாள ராஜ்யத்திலிருந்து பிரிந்து நம் பக்கம் சேர்ந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த சமயம் அது.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். எனக்குச் சாப்பாட்டில் ஆசை அதிகம், அசிங்கம் பார்ப்பதும் அதிகம். ரசம் கொதித்த பிறகு பெருங்காயம் போட்டார்களா, தாளிக்கும்போதே போட்டார்களா என்று முகர்ந்து பார்த்துச் சொல்லிவிடுவேன். அடுத்த வீட்டில் காபி கொடுத்தால் டம்ளரின் விளிம்பை முந்தானையால் இரண்டு தரம் துடைக்காமல் வாயில் வைக்க மாட்டேன். சாம்பாரில் ஒரு தலைமுடி கிடந்தால் அன்றைக்கு முழுக்க எனக்குச் சாப்பாடு இல்லை. இதையெல்லாம் அந்த நாளில் நான் ஒரு பெருமையாகவே வைத்திருந்தேன்.

அக்கா வந்து கைகால் கழுவிவிட்டு உட்கார்ந்தவள், நான் அரிசி களையப் போவதைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்தாள்.

"ஏட்டி, ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிடாத. இந்த ஒரு வாரமும் நான் அடுப்புப் பக்கம் வர மாட்டேன். எனக்காவ நீயும் அடுப்புப் பத்த வைக்காண்டாம். ஓட்டல்ல சாப்பிடுவோம்."

"ஓட்டல்லயா? பொம்பளைய ரெண்டு பேரு தனியாவா?"

"பஸ்ல வரும்போது பாத்தேன். பேமிலி ரூமுன்னு போர்டு எழுதிப் போட்டிருக்காவ. நமக்குத்தான போட்டிருக்காவ."

அக்காவுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. அதுவரை ஒரு ஓட்டலுக்குள்ளே கால் வைத்ததில்லை. பதினெட்டு வயதில் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து மாமியார், கொழுந்தன்மார், பிள்ளைகள், வேலைக்காரர்கள் என்று பன்னிரண்டு பேருக்குச் சமைத்தாள். காமாலைப் பத்தியத்தின்போதுகூட, வீட்டுக்கு உப்புப் போட்டுச் சமைத்து வைத்துவிட்டுத் தனக்கு உப்பில்லாமல் காய்ச்சிக் குடித்தாள். எனக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்தும், ஓட்டல் என்றதும் என் கண்ணுக்கு முன்னால் வந்தது யார் யாரோ வாய் வைத்த டம்ளர்கள்தான்.

அன்று சாயங்காலமே போனோம். அப்போது மொட்டையாக நின்ற கோயில் கோபுரத்தைத் தாண்டி, கடைத்தெருவில் ஒரு ஓட்டல். பேமிலி ரூம் என்பது மூலையில் இரண்டு பலகைத் தடுப்பு, முன்னால் ஒரு பச்சைத் திரை. அந்தத் திரையை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. இடுப்பளவு உயரத்தில், அந்த ஊர்க் குடும்பங்கள் எல்லாம் கை துடைத்துத் துடைத்து, ஒரு முழ அகலத்துக்குக் கறுத்து மெழுகு பூசியதுபோல் விறைத்து நின்றது. விலக்கிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். நான் இரண்டு விரல் நுனியால் விலக்கினேன். அக்கா உள்ளங்கையால் தள்ளிக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

பரிமாறுகிறவர் வந்து மேஜையை ஒரு ஈரத்துணியால் இழுத்தார். அதற்கு முன்பு மேஜையில் வாடை இல்லை, இழுத்த பிறகு வந்தது. ஒரே கையில் இரண்டு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தார். ஒவ்வொரு டம்ளருக்குள்ளும் ஒரு விரல் முங்கியிருந்தது, அந்த விரலின் நகக்கண்ணில் மசாலா மஞ்சள்.

"என்ன வேணும் ஆச்சி?"

"என்னல்லாம் இருக்கு அண்ணாச்சி?"

அவர் ஒரே மூச்சில் சொன்னதை அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு பூரி என்றாள். பூரியை அவள் அதுவரை சாப்பிட்டதில்லை. உப்பி வந்ததை விரலால் குத்தி, ஆவி போவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அவள் சாப்பிட்ட விதத்தை நான் எழுதத்தான் வேண்டும். கிழங்கை அள்ளி அள்ளி வாயில் திணித்தாள். கன்னம் இரண்டும் உப்பி, எண்ணெய் முழங்கை வரை வழிந்தது. வழிந்ததை நக்கினாள். மெல்லும்போது சத்தம் வந்தது. அடுத்து ரவா தோசை, அடுத்து கேசரி. திரைக்கு வெளியே இருந்த ஆண்கள் பேச்சை நிறுத்தியதுபோல எனக்குத் தோன்றிற்று.

"நீ ஏன் தின்னாம இருக்க?" என்றாள்.

"பசியில்லக்கா."

என் இட்லியையும் அவளே எடுத்துக்கொண்டாள். என்னோடு பிறந்தவளைப் பார்த்து எனக்கு அருவருப்பாக இருந்தது. அப்படித் தோன்றுகிறதே என்று வருத்தமும் இருந்தது. ஆனாலும் அருவருப்புத்தான் முன்னால் நின்றது.

மறுநாள் குற்றாலம். சாரல் நன்றாகப் பிடித்திருந்தது. பெரிய அருவியில் பெண்கள் பக்கம் நிற்க இடமில்லை. பாறை முழுக்க எண்ணெய். வந்தவர்கள் எல்லோரும் வீட்டிலிருந்தே நல்லெண்ணெயைச் சீசாவில் கொண்டுவந்து தலைமுதல் கால்வரை தேய்த்துக்கொண்டு நின்றார்கள். அது கழுவிக் கழுவி இறங்கி, கீழே தண்ணீரில் வளையம் வளையமாக மிதந்தது. அந்த வளையத்துக்குள் சீயக்காய்ச் சக்கை, சோப்புக் காகிதம், முடிக்கற்றை. யாருடைய காலிலிருந்தோ கழன்ற ஒரு புண்கட்டுத் துணி என் கணுக்காலில் வந்து ஒட்டியது. நான் காலை உதறிக்கொண்டு கரைக்கு ஏறிவிட்டேன். அங்கே எண்ணெய் தேய்த்து நின்றவர்கள் எல்லோருடைய வேர்வையும் என் தோலில் ஏறிவிட்டதுபோல இருந்தது.

அக்கா கூட்டத்துக்குள் புகுந்து, அருவி நேராக விழுகிற இடத்தில் போய் நின்றுகொண்டாள். பக்கத்தில் இரண்டு தடித்த பெண்களின் முதுகு அவள்மீது உரசியது. அதைப்பற்றி அவளுக்கு ஒன்றுமில்லை. முகத்தை மேலே தூக்கி வாயைத் திறந்தாள். தண்ணீர் வாயில் அடித்துத் தெறித்தது. மடக்கு மடக்கென்று குடித்தாள்.

"யக்கா, அதைக் குடிக்காத, அழுக்கு" என்று கத்தினேன். அருவிச் சத்தத்தில் அவளுக்கு எப்படிக் கேட்கும்.

அருவியில் குளித்தால் பசி எடுக்கும் என்பார்கள். அக்காவுக்கு எடுத்தது பசி இல்லை, ஏதோ ஒரு வெறி. சீசனுக்காகப் போட்ட ஓலைப் பந்தல் சாப்பாட்டுக் கடை ஒன்றில் உட்கார்ந்தாள். பந்தலுக்குப் பின்னால் எச்சில் இலைகள் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. அதில் ஒரு மாடு தலையை விட்டுக்கொண்டிருந்தது. மழை அந்தக் குவியலைக் கரைத்து, ஒரு புளித்த சாறாகப் பந்தலுக்குள் ஓடவிட்டது. எங்கள் கால் அதில்தான் இருந்தது. ஈக்கள் அப்பளத்தில் உட்கார்ந்து சாம்பாரில் உட்கார்ந்து என் உதட்டில் உட்கார்ந்தன. நான் புடவையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் முடிக்கிறவரை நின்றேன். மூன்று தரம் சோறு வாங்கினாள். ரசத்தைக் கையில் ஏந்திக் குடித்தாள்.

கடையை விட்டு வெளியே வரும்போது ஒருவர் தகர டப்பாவில் பன் விற்றுக்கொண்டு போனார். அக்கா ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இது எங்கன செய்யுதாவ?"

"செங்கோட்டைல, ஸ்டேசன் பக்கத்துல."

புதன்கிழமை காலையில் செங்கோட்டைக்கு ரயில் ஏறினோம். வேண்டாம் என்று நான் எவ்வளவோ சொன்னேன். எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்றாள். ஸ்டேஷனை விட்டு இறங்கியதுமே வாசனை வந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், அது நல்ல வாசனை. அந்த வாரத்தில் முதன்முதலாக எனக்கு வாயூறியது அங்கேதான்.

ரொட்டிக்கடைக்காரர் புனலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர், ஐம்பது வயதிருக்கும். அக்கா கேட்டதும் அவருக்குச் சந்தோஷம்.

"சேச்சி, உள்ள வந்து கண்டோ. இங்க ஒளிவு மறைவு ஒண்ணும் இல்லா."

உள்ளே போனோம். ஒளிவு மறைவு கொஞ்சம் இருந்திருக்கலாம். ஒரு நீண்ட மரத்தொட்டி. அதற்குள் ஒரு ஆள் லுங்கியைத் தொடைக்கு மேலே மடித்துக் கட்டிக்கொண்டு, காலால் மாவை மிதித்துக்கொண்டிருந்தார். மேல்சட்டை இல்லை. அடுப்பின் சூட்டில் மார்பிலிருந்தும் தாடையிலிருந்தும் வேர்வை ஒழுகி, சொட்டுச் சொட்டாக மாவில் விழுந்தது. குதிகாலை அவர் தூக்கும்போது மாவு உறிஞ்சுகிற மாதிரி ஒரு சத்தத்தோடு பிரிந்து, கால்விரல் இடுக்கில் நூல் நூலாக நீண்டது. மூலையில் ஒரு பானை நுரைத்துக்கொண்டு இருந்தது. அதிலிருந்து அழுகின பழ வாடை.

"அது என்ன?" என்றேன்.

கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "மாவு பொங்கணுமே. மலைக்கு அக்கரைலேந்து கொஞ்சம் கள்ளு வரும். இங்க அது கூடாது, வெளிய பறயாதீங்க."

நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அக்காவோ தொட்டியின் விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டு கேள்வி மேல் கேள்வி கேட்டாள். மாவு எத்தனை மணி நேரம் பொங்க வேண்டும். அடுப்புக்குள் விறகு எரித்து, தணலை வெளியே இழுத்துவிட்டு, ஈரச்சாக்கால் உள்தரையைத் துடைத்த பிறகுதான் தட்டை உள்ளே விடுவதா. சூடு போதும் என்று எப்படித் தெரியும். அதற்குக் கடைக்காரர் ஒரு பிடி மாவை உள்ளே விசிறிக் காட்டினார். மாவு மெல்லச் சிவந்தால் பதம், கறுத்தால் அதிகம். அக்கா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு கவனத்தை நான் பார்த்ததில்லை. நாலு பிள்ளைகளைத் தாலாட்டும்போதுகூடப் பார்த்ததில்லை.

சூடாக ஒரு பன்னை எடுத்து நீட்டினார். அக்கா பாதியைப் பிய்த்து எனக்குக் கொடுத்தாள். வாசனை மூக்கில் ஏறியது, கூடவே அந்தக் கால்விரல் இடுக்கும் கண்ணுக்கு முன்னால் வந்தது. நான் வெளியே ஓடி, தண்டவாளத்து ஓரத்தில் இருந்த வேலியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன்.

அக்கா வந்து என் முதுகைத் தடவினாள். மற்றொரு கையில் என் பாதிப் பன். தின்றுகொண்டே தடவினாள்.

"அந்தாளு காலைக் கழுவிட்டுத்தான் ஏறுதாரு, பாத்தேன். நம்ம களத்துல நெல்லை மிதிக்கலையா? அதைத்தான சோறாக்கித் திங்கோம்."

எனக்கு அவளைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

வியாழக்கிழமை மழை விடாமல் பெய்தது, எங்கும் போகவில்லை. அடுப்புப் பக்கம் வரமாட்டேன் என்றவள் காலையிலேயே என் அடுப்படிக்குள் நுழைந்தாள். சமையலுக்கு இல்லை, ரொட்டி சுட என்றாள். அதற்கு மட்டும் சட்டம் தளர்ந்துவிட்டது. கடைக்காரரிடம் கேட்டு ஒரு உருண்டை புளித்த மாவை வாழையிலையில் சுற்றி வாங்கிவந்திருந்தாள். அது என் வீட்டு உறியில் முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே தொங்கிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. வீட்டில் ஏதோ செத்துக் கிடக்கிறது என்று நான் பெட்டிகளுக்குப் பின்னால் எல்லாம் தேடினேன்.

என் பெரிய இரும்புச் சட்டியில் மணலைக் கொட்டி, அதன்மேல் பித்தளைத் தட்டை வைத்து, மூடியின்மேல் கங்கு அள்ளிப் போட்டாள். முதல் தரம் வந்தது மேலே கரி, உள்ளே பசை. விரலால் தொட்டால் நூலாக வந்தது. அதையும் தின்றாள். இரண்டாவது கல். சாயங்காலம் மூன்றாவதாக எடுத்தது, மேலே பழுப்பாக, தட்டினால் டொக்கென்று சத்தம் கேட்கும்படி வந்தது. பித்தளைத் தட்டு கறுத்துப் போயிருந்தது. என் அடுப்படி முழுக்க மாவும் மணலும் புளிப்பு வாடையும். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அந்த ரொட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். மூக்கு நுனியில் கரி.

"உனக்கு ஒரு துண்டு தாரேன்" என்றாள்.

"எனக்கு வேண்டாம். சட்டியை நல்லாத் தேச்சுக் கழுவிக் குடு, அது போதும்."

இவ்வளவு கடுமையாகப் பேசியிருக்க வேண்டாம். அவள் சட்டியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை மறுபடி குற்றாலம். இந்தத் தரம் குளித்துவிட்டு வரும்போது பழக்கடைகள் பக்கம் இழுத்துப் போனாள். மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்கிற வரிசையில், ஒரு கடையில் முள்ளு முள்ளாகத் துரியான் பழம் கட்டித் தொங்கியது. வெட்டி வைத்திருந்ததன் நாற்றம் பத்தடிக்கு முன்னாலேயே வந்து முகத்தில் அறைந்தது. அழுகிய வெங்காயத்தைச் சாக்கடையில் ஊறவைத்த மாதிரி ஒரு நாற்றம். அக்கா நேரே அங்கே போய் நின்றாள்.

கடைக்காரரிடம் உரக்கவே சொன்னாள். "என் தங்கச்சிக்கு வேணும். ஆறு வருசமா பிள்ளையில்ல."

சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் என் வயிற்றைப் பார்த்தார்கள். இந்தப் பழம் தின்றால் பிள்ளை பிறக்கும் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை. யாரோ ஒரு அம்மாள், "வெறும் வயித்துல திங்கணும் தாயி" என்றாள். இன்னொருத்தி தனக்குத் தெரிந்த யாருக்கோ இரட்டைப் பிள்ளை பிறந்த கதையை ஆரம்பித்தாள். அக்கா அந்த மஞ்சள் கொழகொழப்பை விரலில் எடுத்து என் வாய்க்கு நேரே நீட்டினாள். மூக்கைப் பொத்திக்கொண்டு விழுங்கினேன். மறுப்பதாக இருந்தால் அங்கே இன்னும் கொஞ்ச நேரம் நிற்க வேண்டியிருக்கும், அதற்குப் பயந்துதான் விழுங்கினேன். தொண்டையில் அது சளியைப்போல இறங்கியது. அன்று முழுக்க ஏப்பம் விட்டால் அந்த நாற்றம். அக்காமேல் எனக்கு இருந்த கோபம் அன்றைக்கு முற்றிவிட்டது. நாளைக்கு அத்தான் வந்து இவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டால் நல்லது என்று மனதாரவே நினைத்தேன்.

அத்தான் சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸுக்கே வந்துவிட்டார். எங்களுக்கென்று ஒரு சாக்கில் மிளகாய் வற்றலும் துவரையும் கொண்டுவந்திருந்தார். நல்ல மனிதர். அதிர்ந்து பேசமாட்டார், குடிக்கமாட்டார், அக்காவைக் கைநீட்டி அடித்ததில்லை. அக்காவின் கன்னத்தில் கொஞ்சம் பூரிப்பு வந்திருப்பதைப் பார்த்து, "தண்ணி ஒத்துக்கிட்டு போல" என்று சந்தோஷப்பட்டார். தானும் ஒரு குளியல் போட்டுவிட்டு, குற்றாலத்திலேயே சாப்பிட்டு, மறுநாள் காலை ஊருக்குப் புறப்படலாம் என்றார்.

அவருக்காக ஒரு நல்ல ஓட்டலாகப் பார்த்துப் போனோம். பேமிலி ரூமில் திரை சுமாராகவே இருந்தது. பரிமாறுகிறவர் மூன்று இலை போட்டுத் தண்ணீர் தெளித்தார். அத்தான் அக்காவுக்கு முன்னால் இருந்த இலையைச் சுருட்டி அவரிடம் நீட்டினார்.

"இது வேண்டாம். அவ எனக்குப் பொறவு என் இலையில சாப்பிடுவா."

பரிமாறுகிறவர் ஒரு கணம் நின்றார். "சாப்பாடு எல்லாருக்கும் உண்டு அண்ணாச்சி."

"அதுக்கில்ல. எங்க வீட்டுல அதான் பழக்கம்."

அது எனக்கும் தெரிந்த பழக்கம்தான். எங்கள் அம்மா அப்படித்தான் சாப்பிட்டாள். கல்யாண நாளில் நானும் சாப்பிட்டேன். என் வீட்டுக்காரர் முகாம் போகாத நாட்களில், அவர் சாப்பிட்டு எழுந்த தட்டிலேயே சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், யோசிக்காமல். வீட்டுக்குள் நடக்கும்போது அதை ஒரு தரம்கூட நான் உற்றுப் பார்த்ததில்லை. அன்றைக்கு அத்தானுக்கு எதிரே உட்கார்ந்திருந்ததால் பார்க்க நேர்ந்தது.

அவர் நிதானமாகச் சாப்பிட்டார். முருங்கைக்காயை ஒவ்வொன்றாக உறிஞ்சி, சவைத்த நாரை இலையின் ஓரத்தில் துப்பினார். மாங்காய் ஊறுகாயின் கொட்டையைச் சப்பி அங்கேயே வைத்தார். கறிவேப்பிலையை வாயிலிருந்து எடுத்துப் போட்டார், அது பொரியல்மேல் போய் விழுந்தது. பாயசத்தை இலையிலேயே ஊற்றச் சொல்லி விரலால் வழித்தார். மோர்ச்சாதம் பிசைந்த சாறு இலை முழுக்க ஓடி எல்லாவற்றையும் நனைத்தது. பெரிய ஏப்பம் ஒன்று விட்டு, கொஞ்சம் பொரியலும் ஒரு அப்பளத் துண்டும் அக்காவுக்கென்று பத்திரமாக ஒதுக்கி வைத்தார். அதை அன்பாகத்தான் செய்தார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பிறகு இலையை இடது கையால் மேஜைமேல் இழுத்து அக்காவுக்கு முன்னால் நகர்த்திவிட்டு, கை கழுவ எழுந்து போனார்.

என் இலையில் நான் ஒரு கவளம்கூட எடுத்திருக்கவில்லை. ஓலைப் பந்தலும், பச்சைத் திரையும், துரியானும் எல்லாம் சேர்ந்து வந்தாலும் அந்த இலைக்கு ஈடாகாது என்று இருந்தது எனக்கு.

அக்கா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பரிமாறுகிறவரைக் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, இந்த இலையை எடுத்துருங்க. எனக்கு வேற இலை போடுங்க."

அவர் வாசலைப் பார்த்தார். "அவிய வந்து ஏதும் சொல்லப் போறாவ."

"நான் சொல்லிக்கிடுதேன். நீங்க போடுங்க."

இலை வந்தது. அக்கா தண்ணீர் தெளித்து, தானே துடைத்தாள். சோறு விழுந்து சாம்பார் ஊற்றிக்கொண்டிருக்கும்போது அத்தான் திரையை விலக்கிக்கொண்டு வந்தார்.

"என்ன இது?"

"சாப்பிடுதேன்."

"என் இலை எங்க?"

"எடுக்கச் சொல்லிட்டேன்."

அவர் கோபப்படவில்லை. அவருக்குப் புரியவில்லை. "ஏன், உடம்புக்கு என்ன செய்யுது?" என்றார்.

அக்கா பிசைந்த கையை நிறுத்தினாள். ஒரு வாரமாக எச்சில் குவியல் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவள், வேர்வை விழுந்த மாவைத் தின்றவள், ஆயிரம் பேர் குளித்த தண்ணீரைக் குடித்தவள், தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"எனக்கு அருவருப்பா இருக்கு. இருவது வருசமா இருக்கு."

பரிமாறுகிறவர் சாம்பார் வாளியோடு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அத்தானின் முகம் சுருங்கிப்போயிற்று. அவர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார். அக்கா சாப்பிட்டாள். அன்று வாயில் திணிக்கவில்லை, சத்தமும் இல்லை. சாம்பார், ரசம், மோர் என்று ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் சாப்பிட்டாள்.

"நீயும் தின்னு" என்றாள்.

நான் தின்றேன். சோறு குழைந்திருந்தது, ரசத்தில் பெருங்காயம் இல்லை. எனக்கு என்மேல்தான் வெறுப்பாக இருந்தது. இருபது வருஷமாக அவள் அப்படிச் சாப்பிடுவதை எத்தனை தரம் பார்த்திருக்கிறேன். டம்ளர் விளிம்பைத் துடைக்கிறவளுக்கு அது ஒருநாளும் உறைக்கவில்லை. அந்த ஒரு வாரம் அவள் சூடாக, முதல் ஆளாக, தனக்கென்று போட்ட இலையில் சாப்பிட்டாள். அதைப் பார்த்துத்தான் நான் முகம் சுளித்தேன்.

அத்தான் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தார். பஸ்ஸில் எங்களை விட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டார். மறுநாள் காலை என்னிடம் மட்டும் சொல்லிக்கொண்டு அக்காவின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். அக்கா போகும்போது வாசலில் நின்று என் தாடையைத் தொட்டு, "உடம்பைப் பாத்துக்க" என்றாள். அவள் என்ன ஆகப்போகிறாளோ என்று பயமாக இருந்தது. அவர்கள் தெருமுனை திரும்புகிறவரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

செவ்வாய்க்கிழமை என் வீட்டுக்காரர் முகாமிலிருந்து வந்தார். சாப்பிட்டு எழுந்தார். அவர் தட்டைக் கொண்டுபோய்த் தொட்டியில் போட்டுவிட்டு, வேறொரு தட்டை எடுத்துக் கழுவி நான் உட்கார்ந்தேன். அவர் வெற்றிலை போட்டபடி என்னைப் பார்த்தார், மழை நிற்குமா என்று கேட்டார். அவர் கவனிக்கவே இல்லை. அன்றைக்கும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. இத்தனை காலம் யாருக்காக அந்தத் தட்டில் சாப்பிட்டேன் என்று எனக்குத் தெரியவில்லை.

தை மாதம் திருவேங்கடத்துக்குப் போயிருந்தேன். அக்கா தனி இலையில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மாமியார் நாலு மாதம் அவள் சமைத்ததைத் தொடவில்லையாம். பிறகு தன் சமையல் தனக்கே பிடிக்காமல் திரும்ப வந்துவிட்டாளாம். அத்தான் அக்காவோடு பேசினார், ஆனால் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை, பிள்ளைகளிடம் சொல்வதுபோலச் சொன்னார். பொங்கலன்று என்னைத் தனியாகப் பார்த்தபோது, மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டார்.

"உங்க அக்காளைக் குத்தாலத்துக்கு அனுப்பினது தப்பாப் போச்சு. அருவித் தண்ணி அவ்வளவு உசரத்துல இருந்து நடுமண்டையில விழுதுல்லா, கொஞ்சம் கலங்கிட்டு. மத்தபடி ஒரு குறையும் இல்ல, நல்லாத்தான் இருக்கா."

அவர் அதை நிஜமாகவே நம்பினார். தெருவில் எல்லோரிடமும் அப்படியே சொல்லியும் வைத்திருந்தார். அதற்குப் பிறகு ரொம்ப நாள் அந்தத் தெருவில் ஆண்கள் சீசனுக்குத் தனியாகத்தான் குற்றாலம் வந்தார்கள்.